பதிவு வேறு, அறநிறுவனம் வேறு, ஐபிசி வேறு

போன மாதம் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு காப்பிக் கடையில் நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், அவரிடம் படித்த இரண்டு பொறியாளர்கள், ஒரு தாதி. உட்லண்ட்ஸ் பக்கம் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறார்கள். இரண்டு வருடமாக யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. இப்போது பெற்றோர் சிலர் தாங்களாகவே பணம் தர முன்வந்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒருவர் புத்தகம் வாங்க 3,000 வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் வருமான வரியில் கழித்துக்கொள்ள ரசீது வேண்டுமாம். பணத்தை யார் கணக்கில் போடுவது என்று தெரியாமல் குழம்பிப்போய் வந்திருந்தார்கள்.

"அண்ணே, நாங்க லாபத்துக்கா செய்யுறோம்? சங்கமாப் பதிஞ்சுட்டா வரி இருக்காது, ரசீதும் கொடுத்துடலாம்ல?" என்று இளைய பொறியாளர் கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் பல முறை கேட்டிருக்கிறேன். ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தில் பதினோரு வருடம் பொருளாளர், செயலாளர் என்று மாறி மாறி இருந்தபோது நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அமைப்புக்குச் சட்டப்படி ஓர் உருவம் உண்டா? அது அறநிறுவனமாகப் பதிவானதா? நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் தகுதி, அதாவது ஐபிசி எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி, அதற்கு உண்டா? மூன்றுக்கும் விதிகள் தனித்தனி. ஒன்று கிடைத்தால் அடுத்தது தானாக வந்துவிடாது. நம் சமூகத்தில் நல்ல மனதோடு தொடங்கிய பல முயற்சிகள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாக விளக்குகிறேன்.

முதலில் உருவம்

சங்கங்கள் சட்டம் 1966ஆம் ஆண்டினது. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தும் எந்த மன்றமும் கூட்டமைப்பும் அதன் பார்வையில் சங்கம்தான். உள்துறை அமைச்சின்கீழ் உள்ள சங்கப் பதிவகத்தில் அதைப் பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் சட்டவிரோதச் சங்கம் என்று கருதப்படும். அதை நிர்வகிப்பவருக்கு ஐந்து ஆண்டுவரை சிறை, உறுப்பினருக்கு 5,000 வெள்ளிவரை அபராதமோ மூன்று ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரகசியக் கும்பல்களை ஒடுக்க வேண்டியிருந்த காலத்தின் சுவடு அது. வாசிப்பு வட்டம் நடத்துபவரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெயர், சந்தா, உறுப்பினர் பட்டியல், தலைவர் என்று எல்லாம் வந்த பிறகும் "நாங்க சும்மா ஒரு குழு" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பதிவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தானியங்கி வழி, சீக்கிரம் முடிந்துவிடும். மற்றது சாதாரண வழி. பதிவகம் அமைப்புவிதிகளை வரிவரியாகப் பார்த்து, தேவைப்பட்டால் விளக்கம் கேட்கும். சமயம், இனம், மொழி ஆகியவற்றைத் தொட்டுச் செயல்படும் சங்கங்கள் சட்டத்தின் அட்டவணையில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவை சாதாரண வழியில்தான் வர வேண்டும். 'தமிழ்' என்ற சொல் பெயரிலும் நோக்கத்திலும் இருக்கும் அமைப்பு எந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரலில் தமிழ் மொழி விழாவில் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று பிப்ரவரியில் விண்ணப்பித்துவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முந்தைய வருடமே தொடங்கிவிடுவது நல்லது.

சங்கத்துக்கு ஒரு குறையும் உண்டு. சட்டத்தின் கண்ணில் அது உறுப்பினர்களின் கூட்டு. உறுப்பினர்களிலிருந்து தனித்து நிற்கும் 'ஆள்' அல்ல. இடம் வாங்கினால் அறங்காவலர்கள் பெயரில்தான் வைத்திருக்க முடியும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் செயலாளருக்கு உள்ளூர ஒரு நடுக்கம் இருக்கும்.

இன்னோர் உருவம் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வருகிறது. சிஎல்ஜி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பங்கு மூலதனம் இல்லாத நிறுவனம். மூட நேர்ந்தால் ஆளுக்கு இவ்வளவு தருவோம் என்று உறுப்பினர்கள் உத்தரவாதம் தருவார்கள். பெரும்பாலும் அது ஒரு சிறு தொகைதான். பதிவை அக்ரா எனப்படும் அரசு ஆணையம் பார்த்துக்கொள்கிறது. நிறுவனம் தன் பெயரிலேயே ஒப்பந்தம் போடலாம், சொத்து வாங்கலாம், ஆள் எடுக்கலாம். பதிலுக்கு இயக்குநர்கள், நிறுவனச் செயலாளர், ஆண்டுதோறும் தணிக்கை, அக்ராவுக்கு அறிக்கை என்று செலவும் வேலையும் கூடும். தனியார் சிறு நிறுவனங்களுக்குத் தணிக்கையிலிருந்து கிடைக்கும் விலக்கு இதற்குக் கிடையாது, ஏனென்றால் சட்டப்படி இது பொது நிறுவனம். மூன்றாவதாக அறக்கட்டளைப் பத்திரம் எழுதி அறங்காவலர்களை நியமிக்கும் முறை உண்டு. ஒரு குடும்பம் பெரிய தொகையை ஒதுக்கிப் படிப்புதவி கொடுக்க நினைத்தால் அது பொருந்தும்.

என் அனுபவத்தில், கூடிப் பேசி, கை தூக்கி வாக்களித்து, மாலை நேரத்தில் நடத்தும் அமைப்புக்குச் சங்கமே போதும். சம்பளத்துக்கு ஆள் வைத்து, இடம் பிடித்து, தினமும் சேவை தரப்போகிறீர்கள் என்றால் சிஎல்ஜியாகவே தொடங்கிவிடுங்கள். நடுவில் உருவம் மாற்றுவது பெரும்பாடு.

அறநிறுவனம் என்பது அடுத்த படி

சங்கமாகவோ நிறுவனமாகவோ பதிந்த உடனே அறநிறுவனம் ஆகிவிட முடியாது. அதற்கு அறநிறுவன ஆணையரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணையரின் அலுவலகம் கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டப்படி, அறப்பணிக்கென்றே தொடங்கும் அமைப்பு தொடங்கிய மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர், அவர்களில் இருவராவது சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும்.

எது அறம் என்பதற்குச் சட்டத்தில் பழைய வரையறை ஒன்று உண்டு. 1601இல் இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்தில் வந்த சட்டத்தில் அதன் வேர் இருக்கிறது. வறுமை நீக்கல், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமூகத்துக்குப் பயன்தரும் பிற நோக்கங்கள் என்று நான்கு தலைப்பு. நான்காவதன்கீழ் உடல்நலம், கலை, மரபு, அறிவியல், சுற்றுச்சூழல், விலங்கு நலம், விளையாட்டு, முதியோர் மற்றும் உடற்குறையுள்ளோர் நலம் எல்லாம் வருகின்றன. அமைப்பின் நோக்கம் முழுவதும் இவற்றுக்குள் அடங்க வேண்டும், பயன் பெரும்பாலும் சிங்கப்பூர்ச் சமூகத்துக்குப் போக வேண்டும்.

இங்கேதான் பல ஊர்ச் சங்கங்கள் நின்றுவிடுகின்றன. உறுப்பினர் குடும்பங்களுக்குச் சுற்றுலா, உறுப்பினர் பிள்ளைகளுக்குப் பரிசு, உறுப்பினர் வீட்டுத் துக்கத்துக்கு உதவித்தொகை. எல்லாம் நல்ல காரியம்தான், எங்கள் சங்கமும் செய்தது. ஆனால் பயன் உள்வட்டத்துக்குள்ளேயே சுற்றும்போது சட்டம் அதைப் பொது அறம் என்று ஏற்பதில்லை. உட்லண்ட்ஸ் ஆசிரியையின் வகுப்பு அப்படி அல்ல. எந்தப் பிள்ளையும் வந்து உட்காரலாம். கல்வி என்ற தலைப்பின்கீழ் அது இயல்பாகப் பொருந்துகிறது.

சரி, அறநிறுவனம் ஆனால் என்ன லாபம்? வருமான வரி முழுதாக விலகுகிறது. 2008 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பதிவுபெற்ற அறநிறுவனம் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யவே தேவையில்லை. அதற்கு முன்னால் வருமானத்தில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரில் அறப்பணிக்குச் செலவிட்டிருந்தால்தான் விலக்கு.

அறநிறுவனம் ஆகாத சங்கத்தின் கதை வேறு. பல பொருளாளர்களுக்குத் தெரியாத ஒரு விதி வருமான வரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு மன்றமோ அதைப் போன்ற அமைப்போ பெறும் மொத்த வரவில் பாதிக்குக் குறையாமல் உறுப்பினர்களிடமிருந்தே வந்திருந்தால், அது தொழில் நடத்துவதாகக் கருதப்படாது. பாதிக்குக் கீழே போனால், உறுப்பினர் தந்தது உட்பட முழு வரவுமே தொழில் வருமானக் கணக்கில் வந்துவிடும்.

எங்களுக்கு அது நடந்தது. ஒரு வருடம் பெரிய கலைநிகழ்ச்சி நடத்தினோம். நுழைவுச்சீட்டை வெளியாட்களுக்கு விற்றோம், மலர் போட்டு விளம்பரம் வாங்கினோம். வழக்கமாகச் சந்தாவும் உறுப்பினர் விருந்துக் கட்டணமும்தான் எங்கள் வரவு. அந்த வருடம் மொத்தம் ஏறக்குறைய 40,000 வெள்ளி வந்தது, அதில் உறுப்பினர் தந்தது 14,000தான். செலவு போக 6,000 மிஞ்சியது. எல்லோருக்கும் பெருமை. வரிக் கணக்குப் பார்த்தபோதுதான் அந்த மிச்சத்துக்கு நிறுவன வரி விகிதமான 17 விழுக்காடு விழலாம் என்று புரிந்தது. 6,000க்கு 1,020 வெள்ளி. லட்சக் கணக்கில் புரளும் அமைப்புக்கு அது ஒன்றுமில்லை. எங்களுக்கு அது ஒரு வருட மண்டப வாடகை. அப்புறம் எந்த நிகழ்ச்சிக்குத் திட்டம் போட்டாலும், உறுப்பினர் வரவு எவ்வளவு, வெளி வரவு எவ்வளவு என்று இரண்டு பத்தி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவோம்.

வருமான வரி விலக்கு மற்ற வரிகளுக்கும் சேர்த்தே கிடைத்தது என்று எண்ண வேண்டாம். சொத்து வரி விலக்கு, கட்டடம் அறப்பணிக்கு மட்டுமே பயன்படும் பகுதிக்குத்தான், அதையும் விண்ணப்பித்துப் பெற வேண்டும். முன்பக்கத்தை ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு வரி உண்டு. பொருள் சேவை வரியில் அறநிறுவனம், வணிகம் என்ற பாகுபாடே இல்லை. வரிக்குட்பட்ட விற்றுமுதல் ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பதிய வேண்டும். எதையும் எதிர்பாராமல் தந்த நன்கொடைக்கு அந்த வரி இல்லை. மலரில் முழுப்பக்க விளம்பரத்துக்காகத் தந்த பணம், ரசீதில் 'நன்கொடை' என்று எழுதினாலும், விளம்பரச் சேவைக்குத் தந்த விலைதான். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மத்திய சேமநிதி கட்டாயம். தொண்டு அமைப்பு என்பதால் அதில் சலுகை கிடையாது.

அந்த ரசீது

இப்போது கடைக்காரரின் 3,000 வெள்ளிக்கு வருவோம். வரிக்கழிவு ரசீது தரும் உரிமை ஐபிசி தகுதி பெற்ற அமைப்புக்கு மட்டும்தான். சங்கத்துக்கு இல்லை, வெறும் அறநிறுவனத்துக்கும் இல்லை. தந்த தொகையின் 250 விழுக்காடு நன்கொடையாளரின் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 2023 வரவு செலவுத் திட்டம் இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. கணக்கு எளிது. 1,000 வெள்ளி தந்தவரின் வருமானத்தில் 2,500 கழியும். அவர் 7 விழுக்காடு வரி கட்டும் படியில் இருந்தால் 175 வெள்ளி மிச்சம், 11.5 விழுக்காட்டுப் படியில் இருந்தால் 287 வெள்ளி 50 காசு. அந்த வருடம் கழிக்க வருமானம் போதாவிட்டால் ஐந்து ஆண்டுவரை முன்னெடுத்துச் செல்லலாம்.

நடைமுறையில் காகித ரசீதுக்கு இப்போது வேலை இல்லை. நன்கொடையாளர் அடையாள அட்டை எண்ணைத் தருகிறார். ஐபிசி அதை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31க்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்புகிறது. கழிவு அவர் வரிக் கணக்கில் தானாக ஏறிவிடும். இன்னொன்று, விருந்து நடத்தி நிதி திரட்டினால், சாப்பாட்டின் மதிப்பு போக மிச்சம்தான் நன்கொடை. 500 வெள்ளி தந்தவர் 100 வெள்ளிக்குச் சாப்பிட்டிருந்தால் 400க்குத்தான் கழிவு.

ஐபிசி ஆவது எளிதல்ல. தகுதி நிரந்தரமும் அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அமைப்பின் பணி சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும். இனம், நம்பிக்கை, சமயம் என்று ஒரு பிரிவினருக்குள் அடங்கிவிடக் கூடாது. கோயிலுக்குத் தரும் நன்கொடைக்குப் பொதுவாக வரிக்கழிவு இல்லாததற்குக் காரணம் இதுதான். சமய வளர்ச்சி அறம் என்று ஏற்கப்படுகிறது, அதனால் கோயிலுக்கு வருமான வரி இல்லை. கொடுப்பவருக்குக் கழிவு தர அது மட்டும் போதாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் பல பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். "நான் உண்டியலில் போட்டதும் தர்மம்தானே தம்பி" என்பார்கள். தர்மம்தான். சட்டம் கேட்பது வேறு கேள்வி.

சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தை உதாரணம் காட்டி "அவங்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. 1991இல் தொடங்கிய சிண்டா சுய உதவிக் குழு. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து வருமானத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை மத்திய சேமநிதி வழியாக அதற்குப் போகிறது. அதற்கு வரிக்கழிவும் உண்டு. மலாய் முஸ்லிம்களுக்கான மெண்டாக்கி, சீனர் மேம்பாட்டு உதவி மன்றம், யுரேசியர் சங்கம் போலத் தேசிய அளவில் வகுத்த ஏற்பாடு அது. புதிதாகத் தொடங்கும் தமிழ் அமைப்பு அதைக் காட்டி வாதாட முடியாது.

ஒரு தவறைச் சொல்கிறேன். எங்கள் சங்கம் ஒரு முறை மாணவர் நிதிக்குத் துண்டறிக்கை அடித்தது. அச்சுக்குப் போகும் அவசரத்தில் யாரோ பழைய மாதிரி ஒன்றைப் பார்த்து 'நன்கொடைகளுக்கு வரிவிலக்கு உண்டு' என்ற வரியைச் சேர்த்துவிட்டார். நான் பிழைதிருத்தினேன், சந்திப்பிழை பார்த்தேன், அந்த வரியைப் பார்க்கவில்லை. நாங்கள் ஐபிசி அல்ல. பணம் வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து 63 பேருக்குத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டு, பணம் திரும்ப வேண்டுமா என்று விசாரித்தேன். நான்கு பேர் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தோம். மீதிப் பேர் "அதுக்காகவா கொடுத்தோம்" என்றார்கள். அந்த இரண்டு இரவையும் நான் மறக்கவில்லை.

ஐபிசி இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஏற்கெனவே தகுதி பெற்ற அமைப்போடு சேர்ந்து திட்டத்தை நடத்தலாம். ஆனால் "ரசீது மட்டும் நீங்க போடுங்க, பணத்தை எங்களுக்குத் தள்ளிவிடுங்க" என்று கேட்கக் கூடாது. ரசீது தரும் அமைப்புதான் பணத்துக்கும் பணிக்கும் பொறுப்பேற்க வேண்டும். திட்டம் அவர்களுடையதாக, அவர்கள் கணக்கில், அவர்கள் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

நிதி திரட்டுவதும் ஊருக்கு அனுப்புவதும்

தெருவிலோ வீடுவீடாகவோ பணம் திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அனுமதி வாங்க வேண்டும். அறநிறுவனங்களுக்கு '30/70' என்றொரு விதியும் உண்டு. ஓர் ஆண்டில் திரட்டும் நிதியில் 30 விழுக்காட்டுக்கு மேல் திரட்டும் செலவுக்கே போய்விடக் கூடாது. நட்சத்திரக் கலைஞரை விமானத்தில் அழைத்து வந்து நிதி திரட்டும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த எல்லையில்தான் முட்டுகின்றன.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஊருக்குப் பணம் அனுப்புவது. படித்த பள்ளிக்கு வகுப்பறை, வெள்ளம் வந்த ஊருக்கு அரிசி, பிறந்த கிராமத்துக்குக் குடிநீர். மனசு துடிக்கும், உடனே ஒரு வாட்ஸ்அப் குழு, கைப்பேசியில் பணம் அனுப்ப ஒரு பேநவ் எண், பணம் குவிந்துவிடும். உங்கள் சொந்தப் பணத்தை உங்கள் ஊருக்கு அனுப்புவதில் சிக்கல் இல்லை. ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்க, கேட்பதற்கு முன்பே அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். செலவு போகத் திரண்டதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. தனிப்பட்ட வட்டத்துக்குள் திரட்டும்போதும், பேரிடர் நிவாரணத்துக்கும் ஆணையர் அதைத் தளர்த்தலாம். புயல் அடித்த மறுநாள் இந்த விதியைப் படிக்கச் சொன்னால் கோபம்தான் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அதனால் அனுபவமுள்ள நிவாரண அமைப்பு அனுமதி வாங்கி நடத்தும் திரட்டலில் சேர்ந்துகொள்வதுதான் அந்த நேரத்தில் விரைவான வழி.

அந்தப் பக்கத்திலும் ஒரு கதவு இருக்கிறது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதற்கெனப் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். கிராமத்துப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இதெல்லாம் எங்கே இருக்கும்? இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி அல்ல. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியாக இருந்தாலும், வெளிநாட்டு நிதி. சிங்கப்பூர்ச் சங்கம் அனுப்பினாலும் அப்படித்தான். ஒரே வகுப்பில் படித்த இரண்டு நண்பர்கள் ஒரே பள்ளிக்கு அனுப்பும் 500 வெள்ளி, கடப்பிதழின் நிறத்தைப் பொறுத்து இரண்டு விதமாக ஆகிறது. பணம் திரட்டும் முன் வாங்கப்போகிற அமைப்பிடம் அதன் பதிவைக் கேளுங்கள்.

பிஸ்கட் டின்னும் ரசீதும்

2005ஆம் ஆண்டு தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரம் இங்குள்ள எவருக்கும் மறக்காது. தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய், ஆண்டுக்கு 600,000 வெள்ளிச் சம்பளம் என்று நீதிமன்றத்தில் வெளிவந்தபோது மாதாமாதம் ஐந்து, பத்து வெள்ளி கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். என் அம்மா அவர்களுக்குக் கொடுத்துவந்தவர், அன்றோடு நிறுத்திவிட்டார். இன்றைய கட்டுப்பாடுகளில் பலவும் அதற்குப் பிறகு வந்தவை. அறநிறுவன நல்லாளுமைக் கோட்பாடு 2007இல் வந்து, பின்னர் திருத்தப்பட்டது. பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது, நிர்வாகக் குழுவினர் அந்தப் பணிக்குச் சம்பளம் வாங்கக் கூடாது, நலன் முரண்படும் விஷயத்தில் பேச்சிலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளக் கூடாது என்பவை அதன் சாரத்தில் சில. கடைப்பிடிக்க முடியாததற்கு விளக்கம் சொல்லலாம், அந்த விளக்கத்தையும் எல்லோரும் படிக்கலாம்.

அறநிறுவனம் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கை, நிதியறிக்கை, நல்லாளுமை மதிப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றை அறநிறுவன இணையவாசலில் போட வேண்டும். வரவோ செலவோ 500,000 வெள்ளியைத் தாண்டினால் பொதுக் கணக்காளரின் தணிக்கை கட்டாயம். 250,000க்கு உட்பட்ட சிறு அறநிறுவனங்களுக்கு, அமைப்பைச் சாராத ஒருவர் கணக்கைப் பார்த்தால் போதும். ஐபிசிக்கு இந்தச் சலுகை கிடையாது. கணக்கு ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டு என்றதும் எனக்கு ஒரு பிஸ்கட் டின் நினைவுக்கு வரும். நான் பொறுப்பேற்றபோது முந்தைய பொருளாளர் ஒரு நீல டின்னை நீட்டி "எல்லா ரசீதும் இதுக்குள்ள இருக்கு தம்பி" என்றார். நேர்மையான மனிதர், ஒரு காசு தவறவிடாதவர். திறந்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். கடை இயந்திரம் தரும் வெப்பத்தாள் ரசீது ஒரு வருடத்தில் மங்கி எழுத்தே இல்லாமல் போய்விடுகிறது. அவர் வைத்திருந்தார், எழுத்துதான் இல்லை. அன்றிலிருந்து ரசீது வாங்கிய நாளே கைப்பேசியில் படம் எடுத்து, தேதி போட்டுக் கோப்பில் சேர்த்து, பின்னால் எதற்காக என்று ஒரு வரி எழுதுவது எங்கள் பழக்கமானது. அதேபோல, பணம் ஒருபோதும் தனிநபர் கணக்கில் விழக் கூடாது. அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, அமைப்பின் பதிவெண்ணுக்கு பேநவ், பணம் எடுக்க இரண்டு பேர் ஒப்புதல். நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளைக்கு யாராவது கேட்டால் நல்லவரைக் காப்பாற்ற அந்த இரண்டாவது கையெழுத்துதான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிக்கு வருபவரிடமெல்லாம் அடையாள அட்டை எண் கேட்கும் பழைய பழக்கம் 2019 செப்டம்பரிலிருந்து செல்லாது. ஐபிசி வரிக்கழிவுக்காகக் கேட்கலாம், அது சட்டம் கேட்பது. கவியரங்கத்துக்கு வருபவரிடம் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும்.

நான்கு பேரிடமும் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சுற்றுக் காப்பி ஆகிவிட்டது. ஆசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் நான் எதிர்பாராத கேள்வி ஒன்று கேட்டார். "ஒருநாள் இதை மூட வேண்டி வந்தா மிச்சப் பணம் யாருக்கு?" அமைப்புவிதியில் அதற்கென்று ஒரு பிரிவு எழுத வேண்டும் என்றேன். அறநிறுவனமாக நினைக்கும் அமைப்பில், மிச்சம் உறுப்பினர்களுக்குப் பங்காகப் போகக் கூடாது. அதே நோக்கமுள்ள வேறோர் அறநிறுவனத்துக்குப் போக வேண்டும். எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டார்.

இப்போதைக்கு அவர்கள் எடுத்த முடிவு இது. கடைக்காரரிடம் கழிவு கிடைக்காது என்று நேரடியாகச் சொல்லிவிட்டார்கள். அவர் பணமாகத் தராமல் புத்தகங்களாகவே வாங்கித் தர ஒப்புக்கொண்டார். சங்கமாகப் பதியச் சாதாரண வழியில் விண்ணப்பிப்பது, பதிவான பின் அறநிறுவனத் தகுதி கேட்பது, ஐபிசியைப் பற்றி மூன்று வருடம் கழித்து யோசிப்பது. பத்துப் பேர் பட்டியலில் இதுவரை ஏழு பெயர் இருக்கிறது. வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மீதி மூன்று பேருக்காகப் பெற்றோரிடம் கேட்கப்போகிறார்கள்.